பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 - ஜூலை 8, 2003) தமிழ்நாட்டில் பிறந்து, வேலூரில் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆவார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளையும் செயலிழந்த கால்களையும் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் மீண்டும் இயங்கச் செய்த முன்னோடிகளுள் ஒருவர். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் அழுகி உதிர்வதில்லை என்றும், வலி உணர்வு அற்றுப்போவதால் ஏற்படும் அன்றாடக் காயங்களாலேயே அவை அழிகின்றன என்றும் நிறுவியது இவருடைய முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

வலியை உணராத உடலுக்கு ஏற்றவாறு கருவிகளின் பிடிகளையும் காலணிகளையும் வடிவமைக்கும் பணி, வேலூரிலும் அதற்கு அண்மையிலுள்ள கரிகிரியிலும் இவர் காலத்தில் வளர்ந்தது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று அறியப்படும் மென் இரப்பர் காலணி அப்பணியின் பயன்களுள் ஒன்றாகும். இன்று நீரிழிவு நோயாளரின் பாதப் பாதுகாப்பிலும் அது பயன்படுகிறது.

பிறப்பும் பெற்றோரும்

பிராண்ட், இன்றைய நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் பிறந்தார்.  தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின் பிராண்ட் ஆகிய இருவரும் கிறித்தவ சமயப் பணியாளர்கள். தந்தை அடிப்படையில் கட்டடத் தொழில் கற்றவர். வெப்ப மண்டல நோய்கள் குறித்துச் சிறிது காலம் பயிற்சியும் பெற்றிருந்தார். மலையில் வீடு கட்டுதல், தச்சு வேலை, பள்ளி நடத்துதல், எளிய மருத்துவம் ஆகிய அனைத்தையும் அவரே கவனித்தார். சாலை இல்லாத மலையில் மலைவாழ் மக்களோடு வளர்ந்த பிராண்டுக்குத் தமிழ் சிறு வயதிலேயே பழக்கமாயிற்று.

தொழுநோயாளர்களை முதன்முதலில் அவர் கண்டதும் கொல்லிமலையில்தான். மருத்துவம் வேண்டி வந்த சிலருக்குத் தந்தை மருந்திட்டுக் கட்டுப் போட்டபோது, பிள்ளைகள் அருகில் வரக்கூடாது என்று விலக்கி வைக்கப்பட்டனர். பிற நோயாளர்களிடம் அச்சமின்றிப் பழகிய பெற்றோர் இவர்களிடம் மட்டும் காட்டிய எச்சரிக்கை அவர் நினைவில் நெடுங்காலம் இருந்தது.

1923 ஆம் ஆண்டில், ஒன்பதாம் வயதில், பிராண்டும் அவருடைய தங்கையும் கல்விக்காக இலண்டனில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினர். 1929 ஆம் ஆண்டில் மலேரியாவின் கடும் வடிவமான கருநீர்க் காய்ச்சலால் தந்தை மலையிலேயே இறந்தார். இடைப்பட்ட காலத்தில் தந்தையை மீண்டும் காணும் வாய்ப்பு பிராண்டுக்குக் கிட்டவில்லை.

கட்டடத் தொழிலும் மருத்துவக் கல்வியும்

பள்ளிப் படிப்பை முடித்த பிராண்ட் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. தந்தையைப் போலக் கட்டடத் தொழிலைத் தேர்ந்தெடுத்து, சில ஆண்டுகள் தச்சு, கொத்து, கல் வேலை ஆகியவற்றில் தொழிற்பயிற்சி பெற்றார். மரத்தின் இழையறிந்து வேலை செய்தல், பாரம் எங்கு தாங்குகிறது என்று கணித்தல், கருவியைக் கைக்கேற்பப் பிடித்தல் போன்ற பழக்கங்கள் பின்னாளில் அவருடைய மருத்துவத்தில் வெளிப்பட்டன. கையை எலும்பு, கயிறு, கப்பி ஆகியவற்றாலான இயந்திர அமைப்பாகப் பார்க்கும் அவருடைய முறைக்கு இப்பயிற்சியே அடிப்படை எனலாம்.

சமயப் பணிக்கு ஆயத்தமாகும் பொருட்டு இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றபோது மருத்துவத்தில் ஆர்வம் ஏற்பட்டது. 1937 ஆம் ஆண்டில் இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படிப்பின் ஒரு பகுதி வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்தது. செருமானிய வான் தாக்குதல்களில் காயமுற்றோருக்குச் செய்த அறுவைகள் அவருக்குப் பரந்த பட்டறிவைத் தந்தன. அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியைப் பெற்றார். உடன் பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943 ஆம் ஆண்டில் மணந்தார்.

வேலூருக்கு வருகை

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவரால் தொடங்கப்பட்ட மருத்துவமனையிலிருந்து வளர்ந்ததாகும். 1942 ஆம் ஆண்டில் அது எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பைத் தொடங்கியது. பல்கலைக்கழக விதிகளின்படி உயர் தகுதி பெற்ற பேராசிரியர்கள் உடனடியாகத் தேவைப்பட்டனர். அப்போது கல்லூரி முதல்வராக இருந்த ராபர்ட் காக்ரேன், அறுவை மருத்துவம் கற்பிக்குமாறு பிராண்டை அழைத்தார். பிராண்ட் 1946 ஆம் ஆண்டின் இறுதியில் வேலூர் வந்து சேர்ந்தார். மார்கரெட்டும் இரு குழந்தைகளும் 1947 ஆம் ஆண்டில் வந்தனர். கண் மருத்துவரான மார்கரெட், தொழுநோய் கண்ணில் ஏற்படுத்தும் பாதிப்புகள் குறித்த வல்லுநராகப் பின்னர் புகழ்பெற்றார்.

அன்றைய வட ஆற்காடு மாவட்டம் இந்தியாவில் தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்று. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் நோயாளர் ஏராளமாக இருந்தனர். நோயுற்றோரைத் தனிமைப்படுத்த வகைசெய்த 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அது 2016 ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத்தால் முற்றிலும் நீக்கப்பட்டது. பொது மருத்துவமனைகள் தொழுநோயாளர்களைப் படுக்கையில் சேர்க்கத் தயங்கின. பிற நோயாளர் வராமல் போய்விடுவர் என்ற அச்சமே அதற்குக் காரணம்.

செங்கல்பட்டில் கண்டது

1947 ஆம் ஆண்டில் காக்ரேனுடன் பிராண்ட், செங்கல்பட்டை அடுத்த திருமணியிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். காக்ரேன் தோல் நோய்க்குறிகளை விளக்கிக்கொண்டிருக்க, எலும்பியல் மருத்துவரான பிராண்டின் கவனம் நோயாளர்களின் கைகளிலும் கால்களிலுமே சென்றது. விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பறவையின் நகங்கள்போல் இருந்தன. எலும்பியல் அறுவை மருத்துவர் எவரும் இவற்றை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை என்று அறிந்து வியப்புற்றார். போலியோவினால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையைவிடத் தொழுநோயால் ஊனமுற்றோர் மிகுதியாக இருந்தும் நிலைமை இதுவே.

அங்கு ஓர் இளைஞரின் மடங்கிய கையில் தன் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். எதிர்பாராத வலிமையுடன் அந்தக் கை அவர் கையை நெரித்தது. தசைகள் அழியவில்லை, அவற்றுட் சில மட்டுமே செயலிழந்துள்ளன என்பது இதனால் தெளிவாயிற்று. நல்ல தசைகள் எஞ்சியிருந்தால் அவற்றை வேறிடத்தில் இணைத்துப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அங்குதான் தோன்றியது.

கை அறுவை மருத்துவம்

தொழுநோயில் முழங்கையருகே செல்லும் அல்நார் நரம்பும், மணிக்கட்டருகே செல்லும் நடு நரம்பும் பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன. உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் இந்நரம்புகளை நம்பியிருப்பதால் அவை செயலிழக்கின்றன. முன்கையிலுள்ள பெருந்தசைகள் பலவும் நலமாகவே இருக்கும். இச்சமநிலைக் குலைவே விரல்களை மடக்கிவிடுகிறது.

1948 ஆம் ஆண்டளவில் வேலூரில் இதற்கான அறுவைகள் தொடங்கின. விரல்களை மடக்கும் தசைநாண்களில் ஒன்றைப் பிரித்து, பல கிளைகளாக்கி, விரல்களின் பக்கவாட்டில் இணைக்கும் முறையை முதலில் பின்பற்றினார். பின்னர், மணிக்கட்டை நீட்டும் தசை ஒன்றை எடுத்து, காலிலிருந்து பெறப்பட்ட மெல்லிய நாணால் அதனை நீட்டி, நான்கு விரல்களுக்கும் நான்கு வால்களாகப் பிரித்து இணைக்கும் தமது முறையை உருவாக்கினார். இம்முறை இன்றும் கை அறுவைப் பாட நூல்களில் பிராண்டின் பெயராலேயே வழங்குகிறது.

அறுவை மட்டும் போதாது என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். இடம் மாற்றப்பட்ட தசையைப் புதிய வேலைக்குப் பழக்க வேண்டும். எனவே இயன்முறை மருத்துவம் அறுவைக்கு முன்னும் பின்னும் கட்டாயமாக்கப்பட்டது. இதே முறையில், பாதம் தொங்கிப்போனவர்களுக்குக் கணுக்கால் தசையை முன்புறமாக மாற்றி இணைத்து, பாதத்தைத் தூக்கி நடக்கச் செய்தார். முகத் தோற்றத்தால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு மூக்கைச் சீரமைத்தல், தலைமுடித் தோலைக் கொண்டு புருவம் அமைத்தல் ஆகியவையும் செய்யப்பட்டன.

நரம்புகள் பற்றிய ஆய்வு

இறந்த தொழுநோயாளர் ஒருவரின் உடலைச் செங்கல்பட்டில் ஆராயும் வாய்ப்பு கிடைத்தபோது, பிராண்டும் உடன் பணியாற்றியோரும் நரம்புகளை முழு நீளத்திற்கும் பிரித்துப் பார்த்தனர். நரம்புகள் எல்லா இடத்திலும் சீராகப் பாதிக்கப்படவில்லை. முழங்கைக்குச் சற்று மேல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம் என நரம்பு தோலுக்கு அருகில் செல்லும் இடங்களில் மட்டும் வீக்கம் காணப்பட்டது. தசைக்கு அடியில் ஆழமாகச் செல்லும் பகுதிகள் நலமாக இருந்தன.

உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே தொழுநோய்ப் பாக்டீரியா நன்கு பெருகுகிறது என்ற கருத்துடன் இது பொருந்தியது. எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பிக்கும் என்று முன்கூட்டியே கூற இயன்றது. எனவே எந்தத் தசையை நம்பி அறுவை செய்யலாம் என்பதும் உறுதியாயிற்று.

வலியின்மையே காரணம்

அறுவைக்குப் பின்னர் புதியதொரு சிக்கல் தோன்றியது. நீட்டி மடக்கக்கூடிய கைகளுடன் வீடு திரும்பியவர்கள் சில மாதங்களில் புண்களுடனும் குறைந்த விரல்களுடனும் திரும்பி வந்தனர். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்ற பொது நம்பிக்கை சரியானால், அறுவையால் பயனில்லை என்றாகிவிடும். ஆயினும் அவர்களின் சதை, அறுவைக்குப் பின் பிறர் சதையைப் போலவே ஆறியது. இம்முரண்பாடே பிராண்டைச் சிந்திக்க வைத்தது.

துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலாதபோது, நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை எளிதில் திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தபோது தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை. பிறருடைய கை எந்த அளவில் நிறுத்திக்கொள்ளும் என்பதை வலி தீர்மானிக்கிறது, இவர்களுக்கு அந்த எல்லை இல்லை என்பதை பிராண்ட் இந்நிகழ்ச்சியிலிருந்து விளக்குவது வழக்கம்.

இதன்பின் ஒவ்வொரு காயத்திற்கும் காரணம் தேடும் பணி தொடங்கியது. சூடான பாத்திரத்தைப் பிடித்தல், விளக்குத் திரியைக் கையால் சரிசெய்தல், கருவியை அளவுக்கு மீறி அழுத்துதல் எனப் பெரும்பாலான காயங்களுக்குக் காரணம் கண்டறியப்பட்டது. இரவில் விரல் பகுதிகள் காணாமற்போவது மட்டும் விளங்காதிருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது, உறங்கும் நோயாளியின் விரலை எலி கடிப்பதும் அவர் அதை உணராமல் உறங்குவதும் தெரியவந்தது. அதன் பிறகு வீடு திரும்பும் நோயாளர்களுக்குப் பூனைகள் கொடுத்தனுப்பப்பட்டன.

இக்கண்டுபிடிப்பின் சமூக முக்கியத்துவம் பெரிது. அழுகுதல் நோயின் இயல்பு என்றால் நோயாளருக்கு வழியில்லை. காயமே காரணம் என்றால் காயத்தைத் தடுக்க முடியும். மேலும், ஊழ்வினை அல்லது இறைவனின் தண்டனை என்று கருதப்பட்ட ஒன்று, கைப்பிடியையும் செருப்பையும் மாற்றினால் குறையக்கூடியதாயிற்று.

நவஜீவ நிலையம்

கை சரியானவர்களும் பிழைப்புக்கு வழியின்றிப் பிச்சையெடுக்க நேர்ந்ததைக் கண்ட பிராண்ட், 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்ற மறுவாழ்வு மையத்தை நிறுவினார். சிற்றூர் போலக் குடிசைகள் அமைக்கப்பட்ட அவ்விடத்தில் நோயாளர்கள் தங்கி, தொழில் கற்றனர். தச்சுப் பட்டறையில் மரப் பொம்மைகள் முதலியன செய்யப்பட்டன. கட்டடத் தொழிலாளியாக இருந்த காலத்தில் கற்ற தச்சு வேலையை பிராண்ட் இங்கு நேரடியாகக் கற்பித்தார்.

பட்டறை ஓர் ஆய்வுக்கூடமாகவும் விளங்கியது. சுத்தியல், உளி, இரம்பம் ஆகியவற்றின் பிடிகள் உணர்வுள்ள கையை எண்ணிச் செய்யப்பட்டவை. பிடியில் சிறு பிசிறோ கூர்விளிம்போ இருந்தால் உணர்வுள்ளவர் பிடியை மாற்றிக்கொள்வார். உணர்வற்றவர் அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருப்பார். எனவே பிடிகள் பருமனாக்கப்பட்டு, வழவழப்பாக இழைக்கப்பட்டன. அழுத்தம் ஒரே இடத்தில் குவியாமல் உள்ளங்கை முழுவதும் பரவுவதே நோக்கம். நாள்தோறும் வேலை முடிந்ததும் கைகள் சோதிக்கப்பட்டன. சிவந்தோ சூடாகவோ இருக்கும் இடம் அடுத்த புண்ணுக்கான அறிகுறியாகக் கொள்ளப்பட்டு, அதற்குக் காரணமான கருவி கண்டறியப்பட்டது.

கரிகிரியும் காலணி ஆய்வும்

1955 ஆம் ஆண்டில் வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் ஷெஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அயல்நாட்டுத் தொழுநோய் உதவி அமைப்புகளும் இதன் உருவாக்கத்தில் பங்கேற்றன. அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஃபிரிச்சி உள்ளிட்ட பலர் இங்கு பிராண்டுடன் பணியாற்றினர். பல நாடுகளின் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் பயிற்சிக்காகக் கரிகிரி வந்தனர்.

கைகளைவிடப் பாதங்களே கடினமான சிக்கலாக இருந்தன. கையை வேலையிலிருந்து விலக்கி வைக்கலாம். நடக்காமல் இருக்க இயலாது. பாதப் புண்ணுக்கான காரணங்களை பிராண்ட் மூன்று வகையாகப் பிரித்து விளக்கினார். முள், ஆணி, கண்ணாடி போன்றவற்றால் உடனே ஏற்படும் காயம் முதல் வகை. இறுக்கமான செருப்பு மணிக்கணக்கில் ஓரிடத்தை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் ஏற்படும் சிதைவு இரண்டாம் வகை. நடக்கும்போது மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவதால் ஏற்படும் சேதம் மூன்றாம் வகை. இம்மூன்றாவதே மிகுதியாகக் காணப்படுவதும் எளிதில் கவனிக்கப்படாததும் ஆகும்.

உணர்வுள்ள ஒருவர் நெடுந்தொலைவு நடக்கும்போது தம்மையறியாமல் நடையைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறார். குதிகாலிலிருந்து ஓரத்திற்கும், ஓரத்திலிருந்து விரல்களுக்கும் பாரம் மாறுகிறது. உணர்வற்றவர் முதல் அடியை எப்படி வைத்தாரோ ஆயிரமாவது அடியையும் அப்படியே வைக்கிறார். புண் வந்த பின்னும் நொண்டாமல் அதன்மீதே நடக்கிறார். ஆகவே அவருடைய பாதம் செய்யாத வேலையைக் காலணி செய்தாக வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழில் வட்டாரத்தின் நடுவில் இந்த ஆய்வு நடந்தது. எனினும் அன்று அவ்வூர்கள் முதன்மையாகத் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்பவையே. 1970-களில் முழுமையடையாத தோல் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்த பின்னரே அங்கு காலணித் தொழில் பெருமளவில் வளர்ந்தது. மேலும், தோல் கிடைத்தல் இங்கு சிக்கலன்று. தோல் வாராகவும் மேற்பகுதியாகவும் பயன்பட்டது. ஆனால் பாதத்தின் எலும்பு முனைகளுக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள் வேறாக இருக்க வேண்டியிருந்தது. கெட்டியான தோல் அட்டை அழுத்தத்தைப் பரப்புவதில்லை.

மரம், நெகிழி எனப் பல பொருள்கள் சோதிக்கப்பட்டன. மிக மென்மையான பஞ்சு இரப்பர் பாரத்தில் தட்டையாகிவிடுகிறது. கெட்டியான இரப்பர் அழுத்தத்தை அப்படியே திருப்பித் தருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதாக, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த இரப்பர் பொருத்தமாக அமைந்தது. எம்.சி.ஆர். என்பது இதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இதன் கடினத்தன்மை பொதுவாக ஷோர் அளவையில் 15 அளவில் இருக்குமாறு செய்யப்படுகிறது.

இவ்வாறு உருவான செருப்பின் அமைப்பு எளியது. பாதம் படும் மேலடுக்கு எம்.சி.ஆர். இரப்பர். முள்ளும் ஆணியும் ஊடுருவாதவாறு கீழடுக்கில் கெட்டி இரப்பர் அல்லது பழைய டயர். பாதம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் அகலமான வார்கள், குதிகாலைச் சுற்றி ஒரு வார். விரலிடுக்கில் புண் வரும் என்பதால் விரலிடுக்கு வார் தவிர்க்கப்பட்டது. ஆணி அடிப்பது முற்றிலும் விலக்கப்பட்டது. ஒட்டுதலும் தைத்தலும் மட்டுமே செய்யப்பட்டன. சாதாரணச் செருப்பில் ஆணி மேலே எழும்பினால் அணிந்தவர் உடனே கழற்றிவிடுவார் என்ற காப்பு இங்கு இல்லை என்பதே காரணம்.

பாதம் ஏற்கனவே சிதைந்து குறுகியவர்களுக்கு மென்மை மட்டும் போதவில்லை. அவர்களுக்குப் பாதத்தின் அச்சுக்கேற்ப வார்க்கப்பட்ட உள்ளடியும், வளையாத அடிப்பகுதியும் தேவைப்பட்டன. அடிப்பகுதியின் கீழ் குறுக்காக ஒரு மேடு அமைத்து, தொட்டில் ஆடுவதுபோல் பாதம் உருண்டு முன்னேறச் செய்வர். முன்பாதம் மடங்காததால் அங்குள்ள எலும்பு முனைகளில் அழுத்தம் குறைகிறது.

ஏற்கனவே உள்ள புண்ணை ஆற்ற மாவுக்கட்டு பயன்படுத்தப்பட்டது. பாதத்தின் வடிவை ஒட்டிப் போடப்படும் கட்டு பாரத்தை முழுப் பாதத்திற்கும் காலுக்கும் பகிர்ந்தளிப்பதால், நோயாளி நடமாடிக்கொண்டிருக்கும்போதே புண் ஆறியது. 1930-களிலேயே இப்பகுதியில் அறியப்பட்டிருந்த இம்முறையை பிராண்ட் பின்னர் அமெரிக்காவில் பரப்பினார்.

உடன் பணியாற்றியோர்

பிராண்டின் மாணவருள் குறிப்பிடத்தக்கவர் மேரி வர்கீஸ். 1954 ஆம் ஆண்டில் நேர்ந்த ஊர்தி விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. பிராண்டின் ஊக்கத்தால் அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளருக்குக் கை அறுவைகள் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தொடங்கினார். 1966 ஆம் ஆண்டில் வேலூர் பாகாயத்தில் அவர் முயற்சியால் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இந்தியாவில் அவ்வகையில் முன்னோடியாகும்.

தாய் எவலின் பிராண்ட், ஓய்வுபெற வேண்டிய வயதில் கொல்லிமலைக்கே திரும்பிச் சென்று பணியாற்றினார். 1974 ஆம் ஆண்டில், 95 ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஐக்கிய அமெரிக்காவில்

1966 ஆம் ஆண்டில் பிராண்ட், லூசியானா மாநிலத்தில் கார்வில் என்னுமிடத்திலிருந்த அரசுத் தொழுநோய் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1986 வரை அங்கு பணியாற்றினார். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

வேலூரில் கையால் தொட்டும் கண்ணால் பார்த்தும் அறிந்தவற்றை, கார்வில்லில் பொறியியலாளர்களின் துணையுடன் அளந்தறிய முடிந்தது. பாதத்தின் வெப்பத்தைப் படமெடுக்கும் கருவிகளால் புண் வருமுன் சூடேறும் இடங்கள் காணப்பட்டன. அழுத்தம் மிகுந்த இடத்தில் நுண்குமிழ்கள் உடைந்து நிறம் மாறும் காலுறை உருவாக்கப்பட்டது. மரத்துப்போன எலிகளின் பாதங்களில் மிதமான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை கொடுத்து நடத்திய சோதனைகள், ஒவ்வோர் அழுத்தமும் தீங்கற்றதாயினும் ஓய்வின்றித் தொடரும்போது திசு வீங்கி உடைகிறது என்பதை உறுதிசெய்தன.

செயற்கை வலி முயற்சி

வலி உணர்வை இயந்திரத்தால் ஈடுசெய்யும் திட்டமொன்றையும் பிராண்ட் குழுவினர் கார்வில்லில் பல ஆண்டுகள் மேற்கொண்டனர். கையுறையிலும் காலணியிலும் அழுத்த உணரிகளைப் பொருத்தி, அளவு மீறினால் ஒலியெழுப்புவதும், பின்னர் உணர்வுள்ள வேறோர் உடற்பகுதியில் மின்னதிர்ச்சி தருவதும் அதன் வழிமுறை. உணரிகள் விலை மிகுந்தவையாகவும் எளிதில் பழுதடைபவையாகவும் இருந்தன. ஒலியை நோயாளர்கள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தொல்லையாக இருந்தபோது, செய்துகொண்டிருந்த வேலையை முடிக்கும் பொருட்டுக் கருவியையே நிறுத்திவிட்டனர். இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது.

நிறுத்தும் விசை தன் கையில் இல்லாததாலேயே வலி உடலைக் காக்கிறது என்பது இத்தோல்வியிலிருந்து பிராண்ட் கொண்ட முடிவாகும். ஆகவே எச்சரிக்கும் கருவியைவிட, காயமே ஏற்படாதவாறு வடிவமைக்கப்பட்ட பொருளும், நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமுமே நம்பத்தக்கவை என்ற தமது வேலூர்க் கால நிலைப்பாட்டிற்கே அவர் திரும்பினார்.

நீரிழிவு நோயில் பயன்பாடு

நீண்டகால நீரிழிவு நோயிலும் பாத நரம்புகள் உணர்விழக்கின்றன. நீரிழிவுப் பாதப் புண்கள் இரத்த ஓட்டக் குறைவால் மட்டுமே வருபவை, ஆறாதவை என்ற கருத்து அப்போது வலுவாக இருந்ததால், பலருக்குக் கால் நீக்கப்பட்டது. அப்புண்களுட் பல தாம் தொழுநோயில் கண்டவற்றை ஒத்திருப்பதை பிராண்ட் சுட்டிக்காட்டினார். மாவுக்கட்டு, அழுத்தம் பரப்பும் காலணி, நாள்தோறும் பாதச் சோதனை ஆகிய மூன்றும் நீரிழிவு நோயாளருக்கும் பொருந்தின. பாத உணர்வைச் சோதிக்க உலகெங்கும் இன்று பயன்படும் 10 கிராம் விசையுள்ள நைலான் இழையின் அளவும் கார்வில் ஆய்வுகளில் உறுதிசெய்யப்பட்டதே.

மறைவு

ஓய்வுக்குப் பின் பிராண்ட் சியாட்டில் நகரில் வாழ்ந்தார். வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் எலும்பியல் துறையின் ஓய்வுநிலைப் பேராசிரியராக இருந்தார். 1993 முதல் 1999 வரை பன்னாட்டுத் தொழுநோய்ப் பணி அமைப்பின் தலைவராக விளங்கினார். கீழே விழுந்ததால் தலையில் ஏற்பட்ட இரத்தக் கசிவைத் தொடர்ந்து 2003 ஜூலை 8 அன்று, தமது 88 ஆம் வயதில் காலமானார். இவருக்கு ஆறு பிள்ளைகள். மார்கரெட் பிராண்ட் 2014 ஆம் ஆண்டில் காலமானார்.

நூல்கள்

கையின் இயக்கவியல் குறித்து 1985 ஆம் ஆண்டில் பிராண்ட் வெளியிட்ட நூல், கை அறுவை மருத்துவர்களுக்கான அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடலின் அமைப்பைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூல்களை 1980 இலும் 1984 இலும் எழுதினார். வலியைப் பற்றியும் தமது வாழ்க்கையைப் பற்றியும் கூறும் நூல் 1993 இல் வெளிவந்தது. டோரத்தி கிளார்க் வில்சன் எழுதிய பிராண்டின் வாழ்க்கை வரலாறு 1965 ஆம் ஆண்டில் வெளியானது.

விருதுகளும் சிறப்புகளும்

1952 - இங்கிலாந்து அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹண்டேரியன் பேராசிரியர்
1960 - ஆல்பர்ட் லாஸ்கர் விருது
1961 - பிரித்தானியப் பேரரசின் சி.பி.இ. விருது
1977 - டேமியன்-டட்டன் விருது

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கை அறுவை மருத்துவப் பிரிவு இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

தாக்கமும் எஞ்சிய சிக்கல்களும்

1981 ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைத்த கூட்டு மருந்து மருத்துவம் தொழுநோயைக் குணப்படுத்தக்கூடியதாக்கியது. பொது நலவாழ்வுச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கிவிட்டதாக இந்தியா 2005 ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. ஆயினும் 2020-களிலும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவைச் சேர்ந்தவர்களே. மருந்து கிருமியைக் கொல்கிறது. நெடுநாள் அழிந்த நரம்பை மீட்பதில்லை. குணமடைந்தவருக்கும் வாழ்நாள் முழுவதும் பாதுகாப்புக் காலணி தேவைப்படுவது இதனால்தான்.

எம்.சி.ஆர். செருப்புக்கும் குறைகள் உண்டு. தொடர்ந்த பயன்பாட்டில் இரப்பர் தட்டையாகி மீள்தன்மையை இழப்பதால் அதனை அவ்வப்போது மாற்ற வேண்டும். தனித்த தோற்றமுள்ள செருப்பு அணிந்தவரின் நோயை ஊருக்கு அறிவித்துவிடுகிறது என்பதால் சிலர் அதனை அணியத் தயங்குகின்றனர். சாதாரணச் செருப்பைப் போன்றே தோற்றமளிக்கும் வடிவங்களைச் செய்யும் முயற்சிகள் இதனாலேயே தொடர்கின்றன. நீரிழிவு நோயாளரும் இதனை அணியத் தொடங்கியதால் இக்களங்கம் ஓரளவு குறைந்துள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு நோயுள்ளோர் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. உணர்விழந்த பாதத்தைக் காக்க வேண்டியோர் தொகை இதனால் முன்னெப்போதையும்விடப் பெருகியுள்ளது. வேலூரிலும் கரிகிரியிலும் சமுதாயம் ஒதுக்கிவைத்த மனிதர்களின் கால்களிலிருந்து அறியப்பட்டவையே இன்று அவர்களுக்கும் வழிகாட்டுகின்றன.